கம்பியை இறக்கிவிட்டு விற்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பள்ளிப் பிள்ளைகள் மேற்கத்திய இசைக்கருவிகள் கற்றுக்கொள்வது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. கீபோர்டு, வயலின், டிரம்ஸ் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு கீழ் ஸ்வரங்களை வாசிக்கிற பேஸ் கிட்டாருக்கும் நாலு வரி கொடுத்திருந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த நாலு வரியில் ஒரு வரி இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. பேஸ் கிட்டாரின் கம்பிகள் தடிமனானவை, அழுத்த நல்ல பலம் வேண்டும், அதனால் சின்னக் கை உள்ளவர்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் அது ஒத்துவராது என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். இதைப் படித்துவிட்டு எந்த அப்பா அம்மாவாவது மகளிடம் "உனக்கு இது வேண்டாம்மா" என்று சொல்லிவிடக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. கோவையில் பம்ப் செட் பட்டறைகளில் ஃபிட்டராக 26 வருடம் வேலை பார்த்தவன், அதே காலத்தில் மாலை நேரங்களில் மெல்லிசைக் குழுக்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயப் பாடகர் குழுவிலும் பேஸ் வாசித்தவன். இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போவதைக் கேட்டுத்தான் என் வயதுக்காரர்கள் பலர் இந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தோம்.

என் தங்கச்சி மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறையில் பேஸ் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாள். ஒரு கடையில் புதிதாக வாங்கிக் கொடுத்தார்கள், நான் அப்போது ஊரில் இல்லை. நாலு மாதம் கழித்து வீட்டுக்குப் போனபோது அது உறைக்குள் போய்ப் பீரோவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. ஏன் கண்ணு என்று கேட்டால் இடது கையை விரித்துக் காட்டினாள். "என் கை சின்னதுங்க மாமா, எனக்கு வராது" என்றாள். விரல் நுனிகளில் தோல் உரிந்து ஆறிய தடம் இருந்தது. மணிக்கட்டு வலிக்கிறது என்று ஒரு மாதம் தைலம் தேய்த்திருக்கிறார்கள். கடையில் போய்ச் சொன்னதற்கு, புதுசுதானே, போகப் போகக் கை பழகிவிடும் என்று அனுப்பிவிட்டார்களாம்.

நான் அந்த பேஸை வெளியே எடுத்து, ட்யூன் செய்து, இரும்பு ஸ்கேலை 12-வது ஃப்ரெட் (கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேல் நிறுத்திப் பார்த்தேன். ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து கம்பியின் அடிப்பாகம் வரை தடித்த ஈ கம்பியில் நாலரை மில்லிமீட்டர், மெல்லிய ஜி கம்பியில் நாலு. எனக்கே அதில் அரை மணி நேரம் வாசித்தால் கை கடுக்கும். ஒரு குழந்தை நாலு மாதம் அதோடு போராடிவிட்டு, தப்பு தன் கையில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் இருக்கிற இந்த உயரத்தைத்தான் வாசிப்பவர்கள் ஆக்‌ஷன் என்கிறோம். கம்பியை அழுத்தி ஃப்ரெட்டைத் தொட வைத்தால்தான் ஸ்வரம் வரும், எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் அழுத்த வேண்டும், அவ்வளவு பலம் போட வேண்டும். பேஸில் ட்யூன் செய்த நாலு கம்பிகளும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு மட்டும் 70, 80 கிலோ வரும், அதனால் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது விரலுக்கு ரொம்பப் பெரிய வித்தியாசம். வலி மட்டும் இல்லை, உயரத்திலிருந்து இழுத்து அழுத்தும்போது கம்பி கூடுதலாக இழுபட்டு ஸ்ருதியும் கொஞ்சம் ஏறிவிடும், பிள்ளை சரியான இடத்தில் விரல் வைத்தாலும் தப்பாகக் கேட்கும். கிட்டார் செய்கிற அமெரிக்க ஃபெண்டர் நிறுவனம் தன் பேஸ்களுக்குக் கொடுக்கிற அளவையே சொல்கிறேன், பெரும்பாலான மாடல்களுக்கு 17-வது ஃப்ரெட்டில் ஈ கம்பி 2.4 மி.மீ., ஜி கம்பி 2 மி.மீ. இதுவே நடுத்தரமான அளவுதான். ஃப்ரெட்டுகள் சமமாக இருக்கிற ஒரு பேஸில் 12-வது ஃப்ரெட்டில் ஈ 2, ஜி 1.5 வரை தாராளமாக இறக்கலாம். அந்த உயரத்தில் கம்பி தடிமனாக இருப்பது ஒரு பொருட்டே இல்லை, விரல் வைத்தாலே போதும்.

பின்னே ஏன் இவ்வளவு உயரத்தில் விற்கிறார்கள்? கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் கம்பி எங்கேயும் உரசிச் சத்தம் வரக் கூடாது என்று கொஞ்சம் உயர்த்தியே அனுப்புவார்கள். அங்கிருந்து கப்பல், குடோன், லாரி, கடைச் சுவர் என்று மாதக்கணக்கில் வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்டு வருகிறது. நெக், அதாவது ஃப்ரெட்டுகள் பதித்த நீண்ட கழுத்து, மரம், அதை ஒரு பக்கமாகக் கம்பிகள் இழுத்துக்கொண்டே இருக்கின்றன, அது வளையத்தான் செய்யும். வாங்குகிறவர் கையில் கொடுக்கும் முன் யாராவது ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து திருத்த வேண்டும். அந்த அரை மணி நேரத்தைத்தான் நம் கடைகள் பலவற்றில் யாரும் கொடுப்பதில்லை.

சரி, அதை வீட்டிலேயே செய்யலாம். வேண்டிய சாமான் கொஞ்சம்தான்: ஒரு ட்யூனர், அரை மில்லிமீட்டர் கோடு போட்ட இரும்பு ஸ்கேல், ஆலன் கீ (அறுகோணச் சாவி) செட், அப்புறம் இடைவெளி அளக்கிற மெல்லிய இலைகள் கொண்ட ஒரு ஃபில்லர் கேஜ். ஃபில்லர் கேஜுக்கு இசைக்கடையைத் தேடிப் போக வேண்டாம், டூவீலர் மெக்கானிக் டேப்பட் இடைவெளி பார்க்க வைத்திருக்கிற அதே சாமான்தான், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். எந்த அளவு எடுத்தாலும் பேஸ் முழுசாக ட்யூனில் இருக்க வேண்டும், மடியில் வைத்து வாசிக்கிற நிலையில்தான் எடுக்க வேண்டும். மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்து அளந்தால் நெக்கின் எடையே அளவை மாற்றிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது நெக்கின் வளைவு. முதல் ஃப்ரெட்டில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கிளிப்பான கேப்போ ஒன்றைப் போட்டு (இல்லாவிட்டால் இடது கை விரலால் அழுத்தி), நெக் உடம்போடு சேருகிற இடத்தில் உள்ள ஃப்ரெட்டில் ஈ கம்பியை அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பியே ஒரு நேர்கோடு, பட்டறையில் நாங்கள் வைக்கிற ஸ்ட்ரெயிட் எட்ஜ் மாதிரி. 8-வது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் ஃபில்லர் கேஜின் 0.30 மி.மீ. இலை லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஆக்‌ஷனை நன்றாக இறக்க விரும்புகிறவர்கள் 0.20 வரைகூடப் போகலாம். கம்பி அதிரும்போது நடுவில்தான் அதிகம் விரியும், அதற்கு இடம் கொடுக்கத்தான் இந்தச் சின்னக் குழிவு. என் மருமகளின் பேஸில் அந்த இடைவெளி முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது, நெக் வில் மாதிரி வளைந்திருந்தது.

இதைச் சரிசெய்வது நெக்குக்குள் ஓடுகிற ட்ரஸ் ராட் என்கிற உலோகத் தண்டு. அதன் நட் தலைப்பக்கமோ உடம்புப் பக்கமோ இருக்கும், பழைய பாணி பேஸ்கள் சிலவற்றில் நெக்கையே கழற்றினால்தான் எட்டும். கடிகார முள் திசையில் இறுக்கினால் நெக் நிமிரும், எதிர்த்திசையில் தளர்த்தினால் குழியும். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, கால் சுற்றுதான் திருக வேண்டும், திரும்ப ட்யூன் செய்து அளந்து பார்க்க வேண்டும், போதாவிட்டால் இன்னொரு கால் சுற்று. மரம் உடனே முழுசாக அசையாது, ராத்திரி அப்படியே விட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். கீ குழிக்குள் முழுசாக, ஆட்டம் இல்லாமல் உட்கார்ந்த பிறகே கையை வையுங்கள். சிலதற்கு மில்லிமீட்டர் கீ, சிலதற்கு அங்குலக் கீ, இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். நண்பர் ஒருவர் சற்றே சின்னக் கீயைப் போட்டுப் பலமாகத் திருகியதில் அறுகோணக் குழி தேய்ந்து வட்டமாகிவிட்டது, அந்த நெக் அதோடு முடிந்தது. இறுகிப்போய் அசையவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள், தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இங்கேதான் எல்லோரும் செய்கிற பெரிய தப்பு ஒன்று உண்டு. கம்பி உயரமாக இருக்கிறதா, ட்ரஸ் ராடை இறுக்கு என்பார்கள். இறுக்கினால் கம்பி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அதனால் வேலை நடக்கிறது என்று நினைத்து மேலே மேலே இறுக்கி நெக்கைப் பின்பக்கமாக வளைத்துவிடுவார்கள், அப்புறம் முதல் நாலு ஃப்ரெட்டில் எல்லாக் கம்பியும் தகர டப்பா மாதிரி உரசும். ட்ரஸ் ராட் நெக்கின் வளைவுக்கு மட்டும். உயரத்துக்கு சாடில் இருக்கிறது.

சாடில் என்பது பிரிட்ஜில் (உடம்பில் கம்பிகளின் அடிமுனையைத் தாங்குகிற பகுதி) ஒவ்வொரு கம்பியும் ஏறி உட்கார்ந்திருக்கிற சின்ன உலோகத் துண்டு, இரண்டு பக்கமும் பொடி ஆலன் ஸ்க்ரூ இருக்கும். இரண்டையும் சமமாகத் திருகி இறக்க வேண்டும், இல்லாவிட்டால் சாடில் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஒரு கணக்கு நினைவில் இருந்தால் வேலை சுலபம். 12-வது ஃப்ரெட் கம்பி நீளத்தின் சரிபாதியில் இருக்கிறது, அதனால் சாடிலை ஒரு மில்லிமீட்டர் இறக்கினால் அங்கே அரை மில்லிமீட்டர்தான் இறங்கும். கம்பிகள் நாலும் ஒரே மட்டத்திலும் இருக்கக் கூடாது, விரல் பலகை லேசாக உருண்டிருக்கிறதே, அந்த வளைவை ஒட்டியே கம்பிகளும் போக வேண்டும். இறக்க இறக்க ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்துப் பாருங்கள், உரசல் தொடங்குகிற இடத்தில் நிறுத்திக் கால் சுற்று மேலே ஏற்றினால் அதுதான் அந்த பேஸின் எல்லை.

சாடில் அடிமட்டம் வரை போய்விட்டது, கம்பி இன்னும் உயரமாகத்தான் இருக்கிறது என்றால் நெக் உட்கார்ந்திருக்கிற கோணம் சரியில்லை. ஸ்க்ரூ போட்டுப் பிணைத்த நெக்காக இருந்தால், கழற்றி, நெக் உட்காருகிற குழியில் பிரிட்ஜை ஒட்டிய ஓரத்தில் ஷிம் என்கிற மெல்லிய முட்டுத் துண்டு ஒன்றை வைத்து மாட்டினால் நெக் இம்மி பின்னால் சாயும், கம்பி இறங்கிவிடும். விசிட்டிங் கார்டில் ஒரு துண்டு வெட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள், நான் பித்தளைத் தகடு வைப்பேன்.

அப்புறம் தலைப்பக்கம் கம்பிகள் உட்காருகிற வெள்ளைத் துண்டு, அதற்கும் நட் என்றுதான் பெயர். புதிதாகக் கற்பவர்கள் முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள்தான் பெரும்பாலும் வாசிப்பார்கள், அங்கே வலிக்கு முக்கால்வாசிக் காரணம் இந்தத் துண்டில் காடி ஆழம் போதாததுதான். மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள், மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், ஏடிஎம் கார்டு நுழைகிற அளவு இருந்தால் காடியை ஆழப்படுத்த வேண்டும். இதை மட்டும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம் என்பேன், அரம் ஒரு இழுப்பு அதிகம் போனால் திறந்த கம்பி உரச ஆரம்பித்துவிடும், துண்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

கம்பி இறங்கிய பிறகு கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபையர்) அனுப்புகிற பிக்கப்பையும் கொஞ்சம் கீழே இறக்குங்கள், காந்தம் ரொம்பக் கிட்டே இருந்தால் கம்பியை இழுத்துச் சத்தத்தைக் கெடுக்கும். கடைசியாக ஸ்ருதி. 12-வது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்புகிற ஸ்வரம்), அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசித்த ஸ்வரமும் ஒன்றாக இருக்க வேண்டும், அழுத்தியது ஏறிக் கேட்டால் சாடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், இறங்கிக் கேட்டால் முன்னுக்கு.

ஒரு எதிர்வாதம் வரும் என்று தெரியும், வாசிக்கிற நண்பர்களே சொல்வார்கள். ஆக்‌ஷன் உயரமாக இருந்தால்தான் சத்தம் கனமாக வரும், அமெரிக்க மோட்டவுன் இசை நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் கம்பிகளை உயரத்தில் வைத்துத்தானே வாசித்தார் என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர் பேஸ் கிட்டாருக்கு வரும் முன்னால் நிறுத்தி வைத்து வாசிக்கிற பெரிய டபுள் பேஸ் வாசித்தவர், அந்தத் தடித்த கம்பிகளில் உரமேறிய கை அவருடையது, அதற்கு அந்த உயரம் பொருந்தியது. பதினைந்து வயதுப் பிள்ளையின் கைக்கு அதை அளவாக வைக்க முடியுமா? ஓங்கி அடித்து வாசிப்பவர்களுக்குக் கம்பி விரிந்து அதிர இடம் வேண்டும், அவர்கள் அரை மில்லிமீட்டர் ஏற்றி வைத்துக்கொள்ளட்டும். தாழ்ந்த ஆக்‌ஷன் வேண்டும் என்றால் வலது கை மென்மையாக வாசிக்க வேண்டும், சத்தத்தை ஆம்ப் பார்த்துக்கொள்ளும். கையில் லேசாகக் கேட்கிற உரசல் ஆம்பில் கேட்கவில்லை என்றால் அதைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டியதில்லை. ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் உரசினால் பக்கத்து ஃப்ரெட் தூக்கி நிற்கிறது என்று அர்த்தம், ஃப்ரெட்டுகளைச் சமன் செய்ய ஆள் வேண்டும், எவ்வளவு திருகினாலும் அது தீராது.

இந்த வாத்தியம் எதற்காகப் பிறந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். அதற்கு முன் பேஸ் வாசிப்பவர் ஆள் உயரத்துக்கு டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், 40 அங்குலத்துக்கு மேல் நீளமான கம்பி, விரல் எங்கே வைப்பது என்று காட்ட ஃப்ரெட்டும் கிடையாது. 1951-இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் அதைத் தோளில் மாட்டுகிற அளவுக்குச் சுருக்கினார், கம்பியை 34 அங்குலமாக்கினார், ஃப்ரெட் போட்டார். ஃப்ரெட்டால் ஸ்வரம் துல்லியமாக வரும் என்பதால்தான் பிரிசிஷன் என்று பெயரே வைத்தார். வாசிப்பவருக்குச் சுலபமாக இருக்க வேண்டும் என்று செய்த வாத்தியத்தை நாம் நாலரை மில்லிமீட்டர் உயரத்தில் கம்பி கட்டி விற்றுவிட்டு, பெண் பிள்ளைக்குக் கை பலம் இல்லை என்று எழுதுகிறோம். எனக்குக் கோபம் வருகிறது ஐயா.

இசைக்கருவி விற்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பேஸோ கிட்டாரோ, பில் போடும் முன் உங்கள் கடைப் பையன் ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து நெக்கையும் சாடிலையும் பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும், அதற்குத் தனியாகக் காசு கேட்டாலும் நாங்கள் கொடுப்போம். சைக்கிள் கடையில் பிரேக்கும் சீட் உயரமும் பார்க்காமல் வண்டியைத் தருவதில்லையே. சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்களும் முதல் வகுப்பில் மாணவரின் கையைப் பார்க்கும் முன் அந்த வாத்தியத்தை ஒரு முறை வாங்கி வாசித்துப் பாருங்கள், 12-வது ஃப்ரெட்டில் ஸ்கேலை வைக்க ஒரு நிமிடம் ஆகாது. பெற்றோர்களும் பிள்ளை வலிக்கிறது என்றால் நம்புங்கள். முதல் சில வாரம் விரல் நுனி எரியும், அது எல்லோருக்கும் வருவது, தோல் கெட்டியானதும் போய்விடும். ஆனால் மணிக்கட்டும் கட்டை விரல் அடியும் வலித்தால், கை பழகட்டும் என்று விட்டுவிடாமல் வாத்தியத்தை யாரிடமாவது காட்டுங்கள். அப்படியும் கை எட்டவில்லை என்றால் 30 அங்குலக் கம்பி நீளத்தில் சின்ன பேஸ்கள் விற்கின்றன, ஃப்ரெட்டுகள் நெருக்கமாக இருக்கும்.

மருமகளின் பேஸ் என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். ட்ரஸ் ராட் மூன்று நாளில் முக்கால் சுற்று, சாடில்கள் நாலும் கீழே, நட் காடி நான் ஆழப்படுத்தினேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஃபில்லர் கேஜைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஈ 2.1, ஜி 1.7-இல் நின்றது. முதல் ஃப்ரெட்டில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானுங்களா மாமா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் பீரோவுக்குப் பின்னால் அது போகவில்லை. ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் போன் செய்தாள், நெக் நகர்ந்திருக்கிறது, 0.30 இலை போகமாட்டேன் என்கிறது, 0.20 தான் போகிறது, கால் சுற்று தளர்த்தட்டுமா என்று. தளர்த்து, ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் அளந்து சொல்லு என்றேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
சிங்காநல்லூர், கோவை.